காலைத் தூக்கச் சொன்னவர்

செய்தி எனக்கு இந்தியில் வந்தது.

மலையடிவாரத்தில் ஒரு சிறிய மருத்துவமனை. வலது கணுக்காலில் கட்டுப் போட்டு என்னைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். ஈரத் துணியைக் கழற்றிவிட்டு யாருடைய சட்டையையோ மாட்டிவிட்டிருந்தார்கள். மாலை நான்கு மணி இருக்கும். சிறுபடகுக்காரர் உள்ளே வந்தார். ரப்பர் படகுகள் போகும்போது, விழுகிறவர்களைப் பிடிப்பதற்காகத் தனியாகத் துடுப்புப் போட்டு வருகிறவர் அவர். இரண்டு வாக்கியம் சொன்னார். எனக்கு அவ்வளவு இந்தி தெரியாது. சொல்லி முடித்ததும் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். புரிந்துவிட்டது.

கொண்டல்சாமி அவர்கள் இறந்துவிட்டார்கள்.

அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே நதி ஓடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. காலையில் கேட்ட அதே சத்தம். அது எப்படி அதே சத்தமாக இருக்க முடியும் என்று யோசித்தேன். வேறு எதுவும் யோசித்ததாக நினைவில்லை.

கோவில்பட்டிக்கு அந்தச் செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. போகும்போது ஒரு வாக்கியத்தையும் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறது. "ஊருக்கெல்லாம் காலைத் தூக்கச் சொன்னவரு, தான் மட்டும் கால ஊன்னிட்டாராம்."

பொய் என்று சொல்ல முடியாது. அவர் கால் ஊன்றினார். ஏன் ஊன்றினார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அது தெரிந்த எங்கள் ஊர்க்காரன் நான் ஒருவன்தான். தெரிந்தும் முதல் நாளே மாற்றிச் சொன்னவனும் நான்தான். ஆலைத் தொழிலாளர் மன்றம் ஓர் அஞ்சலிக் கட்டுரை கேட்டது. அவருடைய பெயர்மேல் விழுந்து கிடக்கும் அந்த வாக்கியத்தை எடுத்துப் போடுவதற்காக இதை எழுதுகிறேன்.

*

அவரை அறியாதவர்களுக்கு:

வயது நாற்பத்தாறு. பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற குடும்பம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எங்கள் நூற்பாலையில் சேர்ந்தார். இருபத்தைந்து வருடமாக அங்கே ஈரக்காற்றைப் பார்த்துக்கொண்டவர்.

நூற்பாலைக்குள் போயிராதவர்களுக்கு இது விளங்காது. காற்று காய்ந்தால் பஞ்சு பறக்கும். நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் வரிசை வரிசையாகக் குழாய்முனைகள் தண்ணீரைப் பொடியாகத் தூவும். பெரிய விசிறிகள் அந்தக் காற்றை உள்ளே தள்ளும். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் மூச்சு இழுத்தால் மூக்குக்குள் ஈரம் படுகிற இடம் அது ஒன்றுதான். கொண்டல்சாமி அண்ணாச்சியின் இடம். எந்நேரமும் முழங்கை வரை நனைந்தபடி, உப்பு அடைத்த முனைகளை ஊசியால் குத்திக்கொண்டிருப்பார்.

உள்ளே நூல் அறுந்தால் சங்கரம்மாள் அக்கா கத்துவார். நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் வரிசையில் முப்பது வருடம் நின்றவர். மெஷின் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்கும்.

"அண்ணாச்சி, மழைய விடுங்க! இங்கன காஞ்சு கெடக்கு!"

"விடுதேன், விடுதேன். கொட வச்சிருக்கியா?"

நான் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துவிட்டு, வேறு எதுவும் கிடைக்காமல், ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் நூலின் முறுக்குப் பார்க்கச் சேர்ந்தவன். முதல் நாள் அவர் கேட்டார்.

"என்ன படிச்சிருக்கே?"

"எம்.ஏ. தத்துவம்ண்ணாச்சி."

"அத வச்சு முறுக்குப் பாக்க முடியுமா?"

"முடியாது."

"அப்பம் சரி. தெரியும்னு சொல்லுதவன்தான் தப்பாப் பாப்பான்."

அன்றிலிருந்து என் பெயர் எம்.ஏ.

*

நதிக்கு அவர் தானாகப் போகவில்லை. பம்புகள் விற்கும் ஒரு நிறுவனம் வடக்கே பத்து நாள் பயிற்சிக்கு அழைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட வந்தவர்கள் ரப்பர் படகுக்கு இழுத்துப் போனார்கள். தண்ணீர் பாறைகளில் மோதி விரைகிற இரண்டாவது பாய்ச்சலிலேயே அவர் வெளியே விழுந்தார். அதை அவர் எனக்குச் சொன்னது தேநீர் இடைவேளையில், ஈரக்காற்று அறையின் வாசலில் உட்கார்ந்து.

"தண்ணி இடுப்பளவுதாம்லே இருந்துச்சு. நம்ம கம்மாயில நிக்க மாதிரி நின்னுருவோம்னு கால ஊன்னப் போறேன். பின்னாலருந்து ஒருத்தன் துடுப்பால முழங்கால்ல ஒரே அடி. காப்பாத்த வந்தவன் அடிக்கானேன்னு பாக்கேன். கால் ரெண்டும் மேல வந்துட்டு. மல்லாக்க அடிச்சுக்கிட்டுப் போறேன். அப்புறம் கரையில உக்கார வச்சு ரெண்டு கல்லையும் ஒரு குச்சியையும் வச்சுக் காட்டுனான்."

அந்தக் கல்லும் குச்சியும்தான் அவர் அங்கிருந்து கொண்டுவந்த பாடம். ஓடுகிற நதியில் அடியில் பாறைகள் இருக்கும். கால் ஊன்றினால் பாதம் இடுக்கில் சிக்கும். தண்ணீர் பின்னாலிருந்து தள்ளும். உடம்பு முன்னால் மடியும். முகம் உள்ளே போகும். அதற்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் போதும். விழுந்தவர் மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டித் தூக்கிக்கொண்டு, கரை வரும்வரை சும்மா போக வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு இதைவிடக் கடினமான ஒன்று கிடையாது. கண்மாயில் பிள்ளை வழுக்கி விழுந்தால் கரையில் நிற்பவர்கள் கத்துவது, "கால ஊன்னுலே, தரை இருக்கு!" என்றுதான். எங்களுக்குத் தெரிந்த தண்ணீருக்கெல்லாம் அடியில் தரை இருந்தது.

"நம்மாளுக்குத் தண்ணியில பயம் கெடையாது, எம்.ஏ. தரை இல்லன்னாத்தான் பயம்."

"அப்ப எதுக்குண்ணாச்சி திரும்பத் திரும்பப் போறீங்க?"

கொஞ்ச நேரம் ஊசியைத் துடைத்தார்.

"நம்ம தண்ணியக் கொடத்துல வைக்கோம். தொட்டியில வைக்கோம். நானே இங்கன காத்துல வைக்கேன். யாராலயும் எடுத்து வைக்க முடியாத தண்ணிய வருசத்துக்கு ஒருக்கப் பாக்கணும்லா?"

*

வருடந்தோறும் பங்குனித் திருவிழா விடுமுறையில் எட்டுப் பேர், பத்துப் பேரை அவர் அந்த நதிக்குக் கூட்டிப் போவார். ஆலைக்காரர்கள்தான். அதற்கு முன் மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. அதற்கு வராதவர்களை அவர் ரயிலில் ஏற்ற மாட்டார்.

பயிற்சி நடந்தது அவருடைய அண்ணனின் நிலத்தில். உளுந்து எடுத்த கரிசல் காடு. பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் ஒரு தார்ப்பாயை விரித்து ஒருவரை மல்லாக்கப் படுக்க வைப்பார். நான்கு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். முதுகில் கட்டிகள் இடிக்கும். தார்ப்பாய் எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்று தெரியாது. ஆனாலும் குதிகால் கீழே படக் கூடாது. பட்டால் விசில். மறுபடி முதலிலிருந்து.

"குண்டி தரையில தட்டுத வரைக்கும் எந்திரிக்கக் கூடாது! மூளை சொல்லும், நில்லு நில்லுன்னு. மூளை பேச்சக் கேக்காத. குண்டி பேச்சக் கேளு!"

அண்ணன் வேலியோரம் ஆடுகளோடு நின்று பார்ப்பார்.

"ஏலே கொண்டலு, தண்ணி கெடைக்காம மண்ணுலயே நீந்துதீங்களோ?"

"நீயும் வாயேன். கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு? ஆட்டுக்குத் தண்ணி காட்டவே எனக்கு நேரமில்ல."

என் முதல் ஞாயிறில் நான் ஏழு தடவை காலைக் கீழே போட்டேன். சங்கரம்மாள் அக்கா ஒரு தடவைகூடப் போடவில்லை. ஐம்பது வயதில் முதல்முறையாகச் சுடிதார் போட்டிருந்தார். அதைக் கண்டு அவர் வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லையாம்.

"எம்.ஏ. தம்பிக்குக் காலு கனம்" என்றார் அக்கா. "படிச்ச காலுல்லா!"

நதியில் அக்கா எங்களை எல்லாம் மிஞ்சினார். முதல் அலை பனிக்குளிர்ச்சியோடு முகத்தில் அறைந்தபோது, பின்னால் நின்று படகைத் திருப்பிய வழிகாட்டியை அவர் வைத வசவு இங்கே அச்சில் வராது. அந்த மனிதர் அதை வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். அண்ணாச்சி துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்ததில் படகு சுற்றிக்கொண்டது.

அந்த நதியின் நிறம் பச்சை. அதற்கு மேல் அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

அவருடைய மனைவி முத்துலட்சுமி மதினி ஒருமுறையும் வந்ததில்லை. "கழுத்துல கட்டுனது தண்ணிக்குள்ள தள்ளிவிடவா?" என்பார். ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் வழிகாட்டிகளுக்கென்று கடலைமிட்டாய்ப் பொட்டலங்களைத் துணியில் சுற்றி, பையின் நடுவில் நசுங்காமல் வைத்து அனுப்புவது அவர்தான்.

*

இந்த வருடம் எனக்கு மூன்றாவது பயணம்.

பெரிய பாய்ச்சல்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கரையேறும் இடத்துக்கு முன்னால் பெயர்கூட இல்லாத ஒரு சரிவு. தண்ணீர் ஆழமில்லை, வேகம். நான் துடுப்பின் மேல்பிடியை விட்டுவிட்டு நெற்றி முடியை ஒதுக்கினேன். படகு ஒரு கல்லில் தட்டியது. வெளியே விழுந்தேன். படகு ஒரு பெரிய பாறையைச் சுற்றிக் கீழே போய்விட்டது.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் கூழாங்கற்கள் தெரிந்தன. தொடையளவுதான்.

நின்றேன்.

மூன்று மாசிமாதம் தார்ப்பாயில் இழுபட்டிருக்கிறேன். ஆனாலும் நின்றேன். யோசித்து நிற்கவில்லை. தரை தெரிந்தது, நின்றேன். வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே போனது. அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவர் சொன்ன வரிசையில் நடந்தது. தண்ணீர் முதுகில் ஏறியது. உடம்பு மடிந்தது. முகம் உள்ளே போனது. கையை ஊன்றி எழும்பி ஒரு மூச்சு. மறுபடி உள்ளே.

படகு பாறைக்குக் கீழே கரையோரம் ஒதுங்கியதும் அண்ணாச்சி குதித்துக் கரைவழியாக மேலே ஓடி வந்திருக்கிறார். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, முதுகில் ஏறிய தண்ணீர் திடீரென்று குறைந்தது. எனக்கு மேற்பக்கம், தண்ணீர் வருகிற திசையில், யாரோ வந்து நின்றிருந்தார்கள். துடுப்பை மூன்றாவது காலாகக் குத்தி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நதிக்கு முதுகைக் கொடுத்து, குனிந்து, என் தோள்களைப் பிடித்து நிமிர்த்தினார். அவருடைய முதுகில் மோதித் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போனது. நடுவில் நான் மூச்சு விட்டேன்.

வந்த திசையிலேயே பாதத்தைப் பின்னால் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். கணுக்கால் முறிந்து பாதம் வெளியே வந்தது. தண்ணீர் என்னை அடித்துக்கொண்டு போனது. மல்லாந்தேன். காலைத் தூக்கினேன். சிறுபடகுக்காரர் என்னை எதிர்க்கரைப் பக்கம் பிடித்தார்.

திரும்பிப் பார்த்தேன். துடுப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

*

படகிலிருந்தவர்களுக்குப் பாறை மறைத்தது. நான் அவர்கள் கண்ணில் படவேயில்லை; எதிர்க்கரைப் பக்கம் மிதந்து போயிருப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். பாறைக்கு மேலே தெரிந்த அண்ணாச்சியின் தலையையும் தோளையும்தான் பார்த்திருக்கிறார்கள். நதி நடுவில் நின்றுகொண்டிருந்தார். பிறகு நிற்கவில்லை. அவ்வளவுதான். அண்ணாச்சி என்னை எடுத்ததையும் பிறகு அவர் பாதமும் கல்லிடுக்கில் சிக்கியதையும் சிறுபடகுக்காரர் பார்த்தார். ஆனால் அவர் சொன்னது இந்தியில் ஒரு தாளில் பதிவாகி, ஒரு கோப்புக்குள் போய்விட்டது.

அன்று மாலை அண்ணாச்சியின் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார். அழுகையும் இருமலுமாக ஒரு கேள்வி கேட்டார்.

"நீ எப்பிடித் தம்பி தப்பிச்சே?"

சொன்னேன்: "அண்ணாச்சி சொன்ன மாதிரியே காலைத் தூக்கிக்கிட்டேன்."

இதுதான் நான் செய்தது. நான் நின்றதைச் சொல்லவில்லை. அவர் வந்ததைச் சொல்லவில்லை. என் வாயிலிருந்து அந்த ஒரு வாக்கியம் மட்டும் வந்தது. அதிலும் பொய்யைப் பிரித்துக் காட்ட முடியாது. படகிலிருந்தவர்கள் பார்த்ததோடு என் வாக்கியம் சேர்ந்துகொண்டது. ஊருக்கு ஒரு கதை கிடைத்தது. சொன்னதைக் கேட்டவன் பிழைத்தான். சொன்னவர் தன் பேச்சைத் தானே மறந்தார்.

உடலை மதுரைவரை விமானத்தில் கொண்டுவந்தோம். வீட்டில் துட்டி கேட்க வந்தவர்கள் வாசலிலேயே அதைப் பேசினார்கள். இருபத்தைந்து வருடம் நனைந்த கைகள் பெட்டிக்குள் காய்ந்து கிடந்தன. மதினி அழவில்லை. சுவரில் சாய்ந்து, வாயை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை போடச் சொன்னபோது மாலையை வாங்கிப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டார். நான் இரண்டு ஊன்றுகோலோடு தெருவில் நின்றேன். இப்போது சொல்லு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வரவில்லை.

பதினான்காம் நாள் போனேன். முற்பகல். மதினி முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. காலு எப்பிடி இருக்கு?"

உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். முடியை ஒதுக்கியதிலிருந்து. தொலைபேசியில் சொன்னது வரை. அவர் கிளறுவதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கிளறினார்.

"பதினாலு நாளா அவியள வைஞ்சுக்கிட்டே இருக்கேன்" என்றார். "படத்தப் பாத்து வைதேன். சோறு எறங்கல, அப்பவும் வைதேன். ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்ச மனுசனுக்குத் தன் கால வச்சுக்கிடத் தெரியலையேன்னு. அழுகையே வரல, தம்பி. கோவந்தான் வந்துச்சு."

வற்றலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"இனி ஒன்னைய வையணும். போயிட்டு நாளைக்கு வா. இன்னைக்கு என்னால ஏலாது."

*

மறுநாள் போனேன். மதினி என்னை வையவில்லை. வற்றலை அள்ளி முற்றத்தைக் கூட்டி வைத்திருந்தார்.

"தண்ணி எங்கிட்டிருந்து வந்துச்சு?"

வாசல் பக்கம் கையைக் காட்டினேன்.

"நீ எங்கன நின்னே?"

முற்றத்தின் நடுவில் போய் நின்றேன். ஒரு காலில், ஊன்றுகோல்களோடு, முதுகை வாசலுக்குக் காட்டி.

"அவிய?"

"எனக்கு மேல, மதினி. ஒரு அடி தள்ளி. தண்ணிக்கு முதுகக் காட்டிக்கிட்டு."

அவர் வந்து எனக்குப் பின்னால் நின்றார். வாசலுக்கு முதுகைக் கொடுத்து. நடுத்தெருவில் ஒரு ஆட்டோ போனது.

"இங்கனயா?"

"ஆமா மதினி. தோள்ல ரெண்டு கையும் வச்சிருந்தாக."

இரண்டு கையையும் என் தோள்மேல் வைத்தார். லேசாக அல்ல.

"எம்புட்டு நேரம்?"

"தெரியல. ரெண்டு நிமிசம் இருக்கும்."

கையை எடுக்கவில்லை. நாங்கள் அப்படியே நின்றோம்.

"அவிய என்னமும் சொன்னாகளா?"

அதை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. நானும் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"வைஞ்சாக, மதினி."

"என்னன்னு?"

"'ஏ மூதி, எத்தன மட்டம் சொன்னேன் ஒனக்கு'ன்னு."

என் முதுகுக்குப் பின்னால் மதினி சிரித்தார். சத்தமாக, ஒரே ஒரு தடவை. பதினைந்து நாள் வராத அழுகை அப்போது வந்தது. அவர் முன்னால் சாய்ந்தார். அந்தக் கனத்துக்கு என் ஊன்றுகோல்கள் வழுக்கின. நான் அசையாமல் நிற்கப் பார்த்தேன்.

அண்ணாச்சி, நதியில் நின்றவன் நான். நீங்கள் என்னை எடுக்க வந்தவர். இதை உங்கள் ஆலையிலும் உங்கள் தெருவிலும் பசுவந்தனையில் உங்கள் அண்ணனிடமும் இனி நானே போய்ச் சொல்வேன். போய் வாருங்கள்.